வழிமொழிந்தவர்

அத்தியாயம் 14

புதன்கிழமை காலை எட்டு மணிக்குத் தினகரனின் போனுக்கு ஒரு துண்டறிக்கை வந்தது. யாரோ கட்சிக்காரர்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார்கள். அவன் படகுத்துறையில் நின்றபடியே அதைப் பெரிதாக்கிப் பார்த்தான்.

மேலே அக்காவின் படம். கீழே, 'நல்லாம்பேட்டை மாநகராட்சியின் மேயர் வேட்பாளர் லோ. பூவிழி' என்று கொட்டை எழுத்து.

திங்கட்கிழமை மாலை அந்த அறிவிப்பு வந்தபோது பொன்னியங்குப்பத்தில் வெடி வெடித்ததையும், அம்மா பச்சையம்மா தெரு முழுக்கச் சர்க்கரை கொடுத்ததையும், தினகரன் மட்டும் அக்காவின் அழைப்பை எடுக்காமல் போனைக் கவிழ்த்து வைத்ததையும் போன வாரம் பார்த்தோம். இரண்டு நாளில் பதினோரு முறை அழைத்திருந்தாள். அவன் ஒரு முறைகூட எடுக்கவில்லை.

துண்டறிக்கையில் பொய் எதுவும் இல்லை. பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் குப்பத்தில் பிறந்தவர். அந்தக் குப்பத்திலிருந்து பாலிடெக்னிக் போய் சிவில் படித்த முதல் பெண். கல்யாணமாகி நல்லாம்பேட்டை போனவர். கணவர் ராஜவேலு ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். தண்ணீர் லாரி வராத தெருவில் பெண்களைத் திரட்டி மறியல் செய்தவர். முப்பத்தோராவது வார்டில் சுயேச்சையாக நின்று ஜெயித்து, பிறகு கட்சியில் சேர்ந்தவர்.

அதற்குக் கீழே, மேயரானால் செய்யப் போகும் ஏழு வேலைகள். முதலாவது, பதினெட்டு மாதத்தில் நாற்பத்தெட்டு வார்டுக்கும் பாதாளச் சாக்கடை. அப்புறம் தினசரி குடிநீர், இருபத்துநாலு மணி நேரப் பிரசவ ஆஸ்பத்திரி, பஸ் நிலையம், விளக்கு, குப்பைக் கிடங்கு, பள்ளிக்கூடக் கழிப்பறை.

தினகரன் இரண்டு தடவை படித்தான். வீட்டுக்கு வந்து மனைவி திவ்யாவிடம் போனை நீட்டினான்.

அவள் ஏழையும் படித்துவிட்டு, "ஏரி எங்க கீது இதுல?" என்றாள்.

"இல்ல."

"சாக்கடைத் தண்ணி எங்க போவும்னு போட்டுக்கீறாங்களா?"

"அதுவும் இல்ல."

அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று அவர்கள் இருவருக்கும் தெரியும். நல்லாம்பேட்டையின் பாதிச் சாக்கடை இப்போதே குழாயில் இறங்கிக் கால்வாய்க்கு வந்து, கால்வாயிலிருந்து ஏரியின் தென்கோடிக்கு வந்துகொண்டிருந்தது. அதை எதிர்த்துத்தான் ஊர்ச்சபைத் தலைவரான தினகரன் பசுமைத் தீர்ப்பாயத்தில் வழக்குப் போட்டிருந்தான். வழக்கில் இரண்டு பேர் கையெழுத்து. அவன் ஒருவன். ஏரியில் இறங்கிக் கையால் இறால் தடவிப் பிடிக்கும் சரோஜா இன்னொருவர். எதிர்த்தரப்பு, நல்லாம்பேட்டை மாநகராட்சி.

வழக்குப் போட்டபோது அக்கா வெறும் கவுன்சிலர். வெள்ளிக்கிழமை அவள் அந்த எதிர்த்தரப்பின் தலைவி ஆகிவிடுவாள்.

பழைய மேயர் உடம்பு சரியில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு விலகியிருந்தார். கவுன்சிலர்கள் நாற்பத்தெட்டுப் பேரும் கூடி ஓட்டுப் போட்டுப் புதியவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கட்சிக்கு இருபத்தேழு பேர் இருந்தார்கள். அதில் ஐந்து பேர் வேறு ஆளை எதிர்பார்த்து ஏமாந்தவர்கள். அவர்கள் எந்தப் பக்கம் சாய்வார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை.

"வக்கீல் ஹேமாவதி மேடம் ரெண்டு வாட்டி போன் பண்ணாங்க" என்றாள் திவ்யா. "இன்னிக்கு நாலு மணிக்குள்ள மிச்சப் பேப்பரெல்லாம் ஏத்தணுமாம். நாளைக்கு விசாரணை. மாநகராட்சிகிட்ட தகவல் உரிமையில கேட்டுப் போட்டோமே, பதில் வந்துச்சான்னு கேட்டாங்க."

"நீ இன்னா சொன்ன?"

"நீ வந்து பேசுவேன்னு சொன்னேன்."

பதில் வந்து ஆறு நாள் ஆகியிருந்தது. மாநகராட்சி முத்திரை போட்ட நாற்பத்திரண்டு பக்கம். அதில் பதினேழாம் பக்கம், இரண்டு வருடத்துக்கு முன் நடந்த மாமன்றக் கூட்டத்தின் தீர்மானம். சுத்திகரிப்பு நிலையத்தை இரண்டாம் கட்டத்துக்குத் தள்ளி வைத்துவிட்டு, பாதாளச் சாக்கடை இணைப்பை முதலில் கொடுத்துவிடுவது, அதுவரை கழிவுநீரைக் கால்வாயில் விடுவது என்று அதில் இருந்தது. மாநகராட்சி இதுவரை தீர்ப்பாயத்தில், 'கழிவுநீர் கால்வாய்க்குப் போவது தற்செயலான கசிவு' என்றுதான் சொல்லி வந்தது. இந்த ஒரு பக்கம் தீர்ப்பாயத்துக்குப் போனால் அந்தப் பேச்சு எடுபடாது.

தீர்மானத்தின் அடியில் இரண்டு வரி இருந்தது. முன்மொழிந்தவர், பழைய மேயர். வழிமொழிந்தவர், லோ. பூவிழி, வார்டு 31.

அந்தப் பக்கம் ஆறு நாளாகப் பீரோவில் புடவைகளுக்கு அடியில் கிடந்தது.

"அக்கா பத்தரைக்கு வருதாம்" என்றான் தினகரன். "கட்சிக்காரர் ஒருத்தரும் கூட வராராம். அம்மாவுக்குப் போன் வந்துச்சு."

திவ்யா பீரோ இருந்த பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

* * *

பழவேற்காட்டில் காரை நிறுத்திவிட்டுப் படகில் வந்தாள் பூவிழி. நாற்பத்தாறு வயது. கட்சிக்கரை போட்ட காட்டன் புடவை. படகிலிருந்து இறங்கும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, யாருடைய கையையும் பிடிக்காமல் தண்ணீரில் காலை வைத்து இறங்கினாள். கூட வந்த செங்கல்வராயனை இரண்டு பேர் தூக்கி இறக்க வேண்டியிருந்தது. அவர் மாவட்டத் துணைச்செயலாளர். முப்பது வருடமாகக் கட்சியில் மனத்தாங்கல்களைப் பேசித் தீர்க்கிற வேலை அவருடையது.

பச்சையம்மா காலையிலேயே ஏலத்துக்குப் போய் நல்ல நண்டாகப் பார்த்து வாங்கி வைத்திருந்தாள். அறுபத்தெட்டு வயதிலும் கூடை தூக்குகிறவள். மகளைப் பார்த்ததும் கையைக்கூடத் துடைக்காமல் வந்து கன்னத்தைத் தொட்டாள்.

"செவப்பு அங்கி போடுவாங்களாமே. கழுத்துல பெரிய சங்கிலி. அது உனக்கே குடுத்துடுவாங்களா, திருப்பிக் கேப்பாங்களா?"

"கூட்டத்துக்கு மட்டும் போட்டுக்கணும்மா. அப்புறம் ஆபீஸ்ல வச்சிடணும்."

"அப்ப கேட்டு வாங்கி ஒரே ஒரு வாட்டி போட்டுக்கினு இங்க வா. உங்க நைனா இருந்தா பாத்துருப்பாரு. அவரு இல்ல, நானாச்சும் பாக்கறேன்."

"ஆவட்டும்மா. முதல்ல வெள்ளிக்கிழமை தாண்டட்டும்."

தினகரன் வாசலில் நின்றிருந்தான். அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"போன் எடுக்க மாட்டியா?" என்றாள் பூவிழி.

"எடுத்து இன்னா பேசறது? வாழ்த்துன்னுதான் சொல்லணும். அது உனக்கு ஊரே சொல்லுது."

செங்கல்வராயன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, திவ்யா கொடுத்த மோரைக் குடித்து முடித்தார். அவசரப்படவில்லை. ஏரியைப் பற்றி, இந்த வருட நண்டு வரத்தைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டார். பிறகு பையைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்தார்.

"தம்பி, சுத்தி வளைக்கல. எதிர்க்கட்சிக்காரங்க ஒரே பாட்டா பாடறாங்க. சொந்தத் தம்பி கேஸ் போட்ட மாநகராட்சிக்கு இந்தம்மா மேயரா, ஊட்டுல ஒரு நியாயம் ஊருல ஒரு நியாயமான்னு. நம்ம ஆளுங்க அஞ்சு பேரு அத்தையே சாக்கா வச்சிகினு ஆட்டம் காட்டறாங்க. நாளைக்கு விசாரணையில நீங்க வாபஸ் வாங்கிட்டீங்கன்னா அந்தச் சாக்கு போயிடும்."

"வாங்கலன்னா?"

"அஞ்சு பேரும் அந்தப் பக்கம் போனா அம்மா தோத்துடும். கணக்கு அவ்ளோதான்."

தினகரன் காகிதத்தை வாங்கிப் பார்த்தான். வழக்கைத் திரும்பப் பெறும் மனு. டைப் அடித்துத் தயாராக இருந்தது. இரண்டு கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்கள்.

பச்சையம்மா அடுப்பிலிருந்து எட்டிப் பார்த்தாள். "கேஸுன்னா எதுடா? அந்தச் சாக்கடைக் கேஸா? அத்தத்தான் அக்காவே வந்து சரி பண்ணப் போவுதே. எடுத்துடு. கூடப் பொறந்தவளுக்கு இது கூடவா செய்ய மாட்ட?"

"அம்மா, நீ நண்டப் பாரு" என்றான் தினகரன். கடுமையாகச் சொல்லவில்லை. அக்கா பக்கம் திரும்பி, "கொஞ்சம் வா. தனியா பேசணும்" என்றான்.

* * *

வலை வைக்கும் கொட்டகையில் வெயில் ஓட்டை வழியாக விழுந்துகொண்டிருந்தது. பூவிழி ஒரு நைலான் வலைக் குவியல்மேல் உட்கார்ந்தாள். வருகிற வழியிலேயே தினகரன் வீட்டுக்குள் போய் அந்தப் பதினேழாம் பக்கத்தை எடுத்து வந்திருந்தான். ஒன்றும் சொல்லாமல் கொடுத்தான்.

அவள் படித்தாள். அடியில் இருந்த இரண்டு வரியை அடைந்ததும் கண் நின்றது. மறுபடி மேலிருந்து படிக்கவில்லை. அது என்ன தீர்மானம் என்று அவளுக்குப் படிக்காமலே தெரியும்.

"எப்ப வந்துச்சு?"

"போன வியாழக்கிழமை."

"வக்கீலுக்குக் குடுத்துட்டியா?"

"இல்ல."

"ஏன்?"

"உன் பேரு கீது. அதான்."

வெளியே யாரோ படகு இன்ஜினை இழுத்துப் பார்த்தார்கள். இரண்டு முறை இருமிவிட்டு நின்றுபோனது.

"தெரியாம கை தூக்கிட்டேன்னு சொல்லுக்கா" என்றான் தினகரன். "நூறு பேப்பர் வைப்பாங்க, படிக்காம ஆமான்னுட்டேன்னு சொல்லு. நான் நம்பறேன்."

பூவிழி இல்லையென்று தலையசைத்தாள்.

"படிச்சேன்டா. நான் சிவில் படிச்சவ. அந்தக் குழாய் எங்க போய் முடியுதுன்னு வரைபடத்துலயே பாத்தேன். தெரிஞ்சுதான் கை தூக்கினேன்."

தினகரன் அவளைப் பார்த்தான்.

"அங்கமுத்துன்னு ஒரு பையன்" என்றாள். "இருபத்தாறு வயசு. என் வார்டுல ஒரு அபார்ட்மெண்ட்ல செப்டிக் டேங்க் அடைச்சிக்கிச்சு. எறக்கி உட்டாங்க. அவன் வரலன்னு அவனோட மாமன் எறங்கினான். ரெண்டு பேரையும் கயிறு கட்டி வெளிய எடுக்கும்போது நான் அங்க நின்னேன். அவன் பொண்டாட்டிக்கு ஏழு மாசம். அவள ஆஸ்பத்திரில நான்தான் புடிச்சிகினு உக்காந்திருந்தேன். இது நடந்து பதினெட்டு நாள் கழிச்சு இந்தத் தீர்மானம் வந்துச்சு."

"அதுக்கும் ஏரிக்கும்..."

"கேளு. இன்ஜினியர் சொன்னாரு, சுத்திகரிப்பு நிலையத்துக்குப் பணம் வர ரெண்டு வருஷம் ஆவும், குழாய்க்குப் பணம் இப்பவே ரெடின்னு. ரெண்டும் சேர்ந்து வரட்டும்னா அந்த ரெண்டு வருஷமும் ஊரு பூரா டேங்க்ல ஆள எறக்குவாங்க. குழாய் போட்டா எறக்க வேண்டியதில்ல. நான் குழாய்னு சொன்னேன். ஏரி பெருசு, ரெண்டு வருஷம் தாங்கும்னு நெனச்சேன்."

"தாங்கலக்கா."

"தெரியுது."

"உனக்கு எப்படித் தெரியும்? நீ பொங்கலுக்கு வர, நண்டு துன்ற, போற. கால்வாய் வாய்க்கிட்ட போயிருக்கியா?" அவன் குரல் அப்போதுதான் சற்று ஏறியது. "ஏழு வேலை போட்டுக்கீற. எட்டாவதாகூட ஏரி இல்ல."

"எனக்கு ஓட்டுப் போடறவங்க அந்த ஊர்ல இருக்காங்க தினா. அவங்களுக்குச் சுத்திகரிப்பு நிலையம் கண்ணுக்குத் தெரியாது. கழிப்பறை தெரியும், தண்ணி தெரியும். நான் மேயரா உக்காந்துட்டா முதல் வருஷமே அத்தக் கட்டுவேன். பட்டியல்ல போடாமயே கட்டுவேன். ஆனா உக்காரணும் இல்ல?"

"எழுதித் தருவியா?"

எழுதிக் கொடுத்தால் அது வெளியே வரும். வெளியே வந்தால், நகரத்துப் பணத்தைப் பிறந்த ஊருக்காகச் செலவு செய்யப் போகிறாள் என்று அந்த ஐந்து பேரும் சொல்வார்கள். இது தினகரனுக்கும் புரிந்தது.

அவன் வாபஸ் மனுவை எடுத்து அவள் மடியில் வைத்தான்.

"நான் போட்டாலும் பத்தாது. சரோஜாக்கா போடணும். அது இப்போ கால்வாய்ப் பக்கம்தான் எறங்கிகினு இருக்கும். நீயே போய்க் கேளு. அது போட்டுக் குடுத்தா, நானும் போட்டுத் தரேன்."

* * *

கால்வாய் ஏரியில் கலக்கும் இடத்துக்குக் குப்பத்திலிருந்து படகில் இருபது நிமிடம். பூவிழி செங்கல்வராயனை வீட்டிலேயே விட்டுவிட்டுத் தனியாகப் போனாள்.

தண்ணீர் இடுப்பளவு இருந்தது. ஆறேழு பெண்கள் வரிசையாக, கழுத்து வரை குனிந்து, அடிச்சேற்றைக் கையால் தடவியபடி நகர்ந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொருவர் வாயிலும் பனையோலைப் பறி கடிபட்டுத் தொங்கியது. கையில் அகப்படும் இறாலை அதற்குள் போட்டுக்கொள்வார்கள். படகும் வலையும் இல்லாத குடும்பங்களுக்கு இதுதான் தொழில்.

முன்பு இங்கே அடி மணலாக இருக்கும். பூவிழி படகிலிருந்து இறங்கியதும் கால் முழங்கால் வரை உள்ளே போனது. கறுப்பாக, கொழகொழவென்று ஏதோ காலைப் பிடித்தது. வாடை மூக்கில் ஏறியது. அந்த வாடை அவளுக்குப் பழக்கமானதுதான். இரண்டு வருடத்துக்கு முன் அந்த அபார்ட்மெண்ட் வாசலில் நின்றபோது அடித்தது.

சரோஜா நிமிர்ந்து பறியை வாயிலிருந்து எடுத்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும்.

"யாரு, பச்சையம்மா பொண்ணா? நீ ஏம்மா இதுல எறங்கின? அரிக்கும். வெளிய போ."

"உங்களுக்கு அரிக்காதாக்கா?"

"எங்களுக்கு இன்னா, பழகிப்போச்சு."

பறிக்குள் அடியை மூடுகிற அளவுக்குத்தான் இறால் இருந்தது. காலை ஆறு மணியிலிருந்து பிடித்தது.

"அந்தாண்ட வடக்க போனா கொஞ்சம் கெடைக்கும்" என்றார் சரோஜா. "அது உங்காளுங்க பாடு. வலை கட்ற எடம். அங்க எங்கள உட மாட்டாங்க. எங்களுக்கு இந்த மூலைதான். என் பொண்ணு ஜமுனா தண்ணியில கால் வைக்க மாட்டேன்னுட்டுது. மீஞ்சூர் பக்கம் கம்பெனிக்குப் போவுது. நல்லதுதான்."

பூவிழி வந்த காரியத்தைச் சொன்னாள். மேயர் தேர்தல், ஐந்து கவுன்சிலர், வாபஸ் மனு என்று ஒன்றையும் மறைக்கவில்லை. தான் ஜெயித்தால் ஒரு வருடத்தில் சுத்திகரிப்பு நிலையம் வரும் என்றாள். சரோஜா தண்ணீரில் நின்றபடியே முழுவதும் கேட்டார்.

"உன் தம்பி கையெழுத்துப் போடச் சொன்னாரு, போட்டேன். இப்ப நீ எடுக்கச் சொல்ற, எடுத்துடலாம். படகு வச்சிருக்கறவங்க சொல்லி நாங்க எப்பம்மா மாட்டேன்னோம்?"

கோபமாகச் சொல்லவில்லை. நாளைக்கு மழை வரும் என்பதைப் போலச் சொன்னார்.

"பேனா கீதா?"

பூவிழி பையிலிருந்து பேனாவையும் மனுவையும் எடுத்து, மனுவைப் படகின் பலகையில் விரித்தாள். சரோஜா ஈரக் கையைத் தலைத்துணியில் துடைத்துக்கொண்டு நீட்டினார்.

விரல்கள் வீங்கியிருந்தன. நகக்கண்களைச் சுற்றித் தோல் வெளுத்து உரிந்து, சில இடத்தில் சிவப்பாக வெடித்திருந்தது. பேனாவை வாங்கினார். பெருவிரலும் ஆட்காட்டி விரலும் மடங்கவில்லை. பேனா நழுவிப் படகின் உள்ளே விழுந்தது. இன்னொரு முறை முயன்றார். மறுபடி விழுந்தது.

"முடியலயேம்மா."

"கைநாட்டு வைங்கக்கா. பரவாயில்ல" என்றாள் பூவிழி. சொன்ன பிறகுதான் அவளுக்குத் தன் குரல் கேட்டது.

"கைநாட்டு வைக்க மாட்டேன்" என்றார் சரோஜா. "நாப்பத்தஞ்சு வயசுல உக்காந்து கத்துகினேன். ரேஷன் கடையிலயே கையெழுத்துதான் போடறேன். அந்தக் கேஸுலயும் கையெழுத்துதான் போட்டேன், அப்ப கை நல்லா இருந்துச்சு. ரெண்டு நாள் தண்ணியில எறங்காம இருந்தா வீக்கம் வத்திடும். அப்ப வா. போட்டுத் தரேன்."

"நாளைக்கு விசாரணைக்கா."

"அப்ப நான் இன்னாம்மா பண்றது?"

அவர் பறியை எடுத்து மறுபடி பல்லில் கடித்துக்கொண்டு குனிந்தார். பூவிழி சற்று நேரம் அங்கேயே நின்றாள். பிறகு படகைப் பிடித்துக்கொண்டு காலைச் சேற்றிலிருந்து பிடுங்கினாள். முழங்காலுக்குக் கீழே கறுப்பாக இருந்தது. கழுவுவதற்கு அந்தத் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீர் இல்லை.

* * *

சாப்பாட்டின்போது பச்சையம்மா மட்டும், யார் யார் வீட்டிலிருந்து வெள்ளிக்கிழமை நல்லாம்பேட்டைக்கு வருகிறார்கள், எத்தனை வேன் வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பூவிழி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

செங்கல்வராயன் மனுவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரண்டு இடமும் காலியாக இருந்தது.

"தம்பி மட்டுமாவது போட்டுக் குடுக்கட்டுமே. ஒண்ணு இருந்தா பேசிக்கலாம்."

"வேணாம்ணே" என்றாள் பூவிழி. "மனுவ எடுத்து உள்ள வைங்க."

"இதுக்குத்தானேம்மா வந்தோம்."

"ஆமா. வந்துட்டோம். போலாம்."

படகுத்துறைக்குத் தினகரன் கூட வந்தான். அந்தப் பதினேழாம் பக்கம் அவனிடமே இருந்தது. கொட்டகையை விட்டு வெளியே வரும்போதே அவள் அதைத் திருப்பிக் கொடுத்திருந்தாள். அதை என்ன செய்வது என்று அவள் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை.

"உடம்பப் பாத்துக்கோக்கா" என்றான்.

"நீயும்."

படகு கிளம்பியபோது மணி ஒன்றே முக்கால்.

* * *

பழவேற்காட்டில் கார் ஏறியதும் செங்கல்வராயன் போனை எடுத்து, ரிசார்ட்டில் தங்க வைத்திருந்த கவுன்சிலர்களை விசாரித்தார். பூவிழியையும் சேர்த்து இருபத்திரண்டு பேர் உறுதி. ஐந்து பேரில் இரண்டு பேர் வந்துவிட்டார்கள். இன்னும் மூன்று பேர்.

"ஒருத்தரு வந்தா போதும்மா" என்றார் நம்பிக்கையோடு. "இருபத்தஞ்சு ஆயிடும். தம்பி விஷயத்த நான் வேற மாதிரி சமாளிக்கிறேன்."

பூவிழி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். புடவையின் அடிக்கரை காய்ந்து விறைத்திருந்தது. காருக்குள் வாடை அடித்தது. டிரைவர் ஒன்றும் சொல்லாமல் ஏசியைக் கூட்டினார்.

பொன்னேரி தாண்டியதும் அவள் தன் போனை எடுத்தாள். இந்த முறை முதல் மணியிலேயே தினகரன் எடுத்தான்.

"தினா. அந்தப் பக்கத்த வக்கீலுக்கு அனுப்பிடு. என் பேரோடவே. மறைக்காத."

எதிர்முனையில் காற்றுச் சத்தம் கேட்டது.

"அனுப்பிட்டேன்க்கா" என்றான். "உன் படகு நடு ஏரி தாண்டல, அப்பவே அனுப்பிட்டேன். ஹேமாவதி மேடம் ஏத்திட்டாங்க. உனக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியாம உக்காந்துகினு இருந்தேன்."

பூவிழி கண்ணை மூடிக்கொண்டாள். தான் சொல்லித்தான் அவன் அனுப்பியதாக இருக்கும் என்று வழியெல்லாம் நினைத்து வந்திருந்தாள். அந்த ஒரு நிம்மதியும் அவளுக்கு இல்லாமல் போயிற்று. வலிக்கத்தான் செய்தது. வலி சிறிது அடங்கியதும், அவன் அப்படிச் செய்யாமல் இருந்திருந்தால் அவனை மதித்திருக்க மாட்டோம் என்றும் தோன்றியது.

"சரிடா" என்றாள். "சாப்பிட்டியா? அங்க இலையில வெறும் சோத்தத்தான் பெசஞ்சிகினு இருந்த."

"இனிமேதான்."

"போய்ச் சாப்பிடு."

போனை வைத்துவிட்டு, செங்கல்வராயனிடம் திரும்பி எல்லாவற்றையும் சொன்னாள். தீர்மானம், தேதி, வழிமொழிந்தது, தம்பி அனுப்பியது. அனுப்பம்பட்டு ரயில்வே கேட் மூடியிருந்தது. கார் நின்றது.

"பேரு மட்டும்தானே கீது?" என்றார் கடைசியில். "கையெழுத்து இல்லியே?"

"இல்ல. பேரு டைப் அடிச்சிருக்கு."

"அப்ப ஒண்ணும் ஆவல. குமாஸ்தா தப்பா அடிச்சிட்டாரு. வழிமொழிஞ்சது வேற ஆளு. கூட்டத்துல நாப்பத்தெட்டு பேரு இருந்தாங்க, யாருக்கு ஞாபகம் கீது? நான் தலைமைக்குச் சொல்லிடறேன். நீங்க ஆமான்னு மட்டும் சொல்லுங்க."

அவள் ஏதும் சொல்வதற்குள் அவர் எண்ணை அழுத்தியிருந்தார். சுருக்கமாக விஷயத்தைச் சொன்னார். குமாஸ்தா என்ற வார்த்தையை இரண்டு முறை சொன்னார். பிறகு போனை அவளிடம் நீட்டினார்.

"உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணுமாம்."

பூவிழி வாங்கிக் காதில் வைத்தாள்.

"அந்தத் தீர்மானத்த வழிமொழிஞ்சது நீங்களா இல்லியாம்மா?" என்று கேட்டது ஒரு குரல். அமைதியான, வயதான குரல். "இப்ப நீங்க சொல்றதத்தான் நாங்க பத்திரிகைக்குச் சொல்வோம். யோசிச்சுச் சொல்லுங்க."

சென்னை போகும் மின்ரயில் எதிரே கடந்துகொண்டிருந்தது. அது போய் முடியும் வரை அவள் காத்திருந்தாள். செங்கல்வராயன் அவள் முகத்தையே பார்த்தபடி, 'இல்லைன்னு சொல்லுங்க' என்பதுபோல மெல்லத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"நான்தாங்க" என்றாள் பூவிழி. "படிச்சுப் பாத்துட்டுத்தான் வழிமொழிஞ்சேன். அது தப்புன்னு இன்னிக்குத் தெரிஞ்சிகினேன். மேயராக்கினாலும் இதத்தான் சொல்லுவேன், ஆக்கலன்னாலும் இதத்தான் சொல்லுவேன்."

எதிர்முனையில் ஒருவர் மற்றொருவரிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொல்வது கேட்டது. நாற்காலி நகரும் சத்தம்.

"லைன்லயே இருங்கம்மா" என்றது அந்தக் குரல்.

கேட் திறந்தது. பின்னால் நின்ற லாரி ஹார்ன் அடித்தது. டிரைவர் கண்ணாடியில் அவளைப் பார்த்தார், போகலாமா என்பதுபோல. பூவிழி கையால் 'போங்க' என்று காட்டிவிட்டு, போனைக் காதிலிருந்து எடுக்காமல் காத்திருந்தாள்.